சோக்காவில் செம்பே சுடலாம்: குழந்தைகளோடு ஜப்பான் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தணலில் அப்பளம் சுட்டுப் பழகிய கைக்கு, ஜப்பானில் செம்பே சுடுவது பாதி தெரிந்த வேலை. அரிசி மாவை வேகவைத்துப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, வட்டமாக வெட்டிக் காயவைத்த வில்லை. அதை நெருப்பில் காட்டிப் புரட்டிப் புரட்டிப் பொரிய விட்டு, மேலே சோயா சாஸ் தடவினால் அதுதான் செம்பே. நம் வீட்டு இலை வடாமும் வெந்து காயும் வரை இதே வழியில்தான் வருகிறது. அதற்குப் பிறகு நாம் எண்ணெய்ச் சட்டியை வைக்கிறோம், அவர்கள் கரி அடுப்பை மூட்டுகிறார்கள்.

ஜப்பானில் குடும்பமாகச் செய்து பார்க்க சுஷி உருட்டுவது, சோபா நூடுல்ஸ் வெட்டுவது, இனிப்பு பிடிப்பது என்று நிறைய இருக்கிறது. ஏழு வயது மகளோடு போன எனக்கு இதுதான் மனதுக்கு மிக நெருக்கமாக இருந்தது. காரணம் எளிமையானது. கல் மாதிரி இருந்த வில்லை குழந்தையின் கண்ணெதிரே நெளிந்து, கொப்புளம் விட்டு, நிறம் மாறி, பத்து நிமிடத்தில் தின்னும் பண்டமாகிவிடுகிறது. பாதியில் பெரியவர்கள் வாங்கிச் செய்ய வேண்டிய கட்டம் என்று எதுவும் இல்லை. சுட்டதும் அவள், தின்றதும் அவள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

"செம்பே செய்யும் பயிற்சி" என்று விளம்பரம் இருந்தாலும், பெரும்பாலான இடங்களில் நீங்கள் செய்யப் போவது சுடும் வேலை மட்டும்தான். அரிசியை ஊறவைத்து, மாவாக்கி, ஆவியில் வேகவைத்து, வெட்டிக் காயவைப்பதற்கு நாள்கணக்கில் ஆகும். அதையெல்லாம் கடைக்காரர்களே முடித்து, காய்ந்த வில்லையைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். இந்த வில்லைக்கு அங்கே 'கிஜி' என்று பெயர். இதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. கைத்திறன் முழுக்கச் சுடுவதில்தான் இருக்கிறது. மாவு பிசைவதிலிருந்து செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டால், முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், அரிசி. செம்பேக்கு நாம் சோறு வடிப்பது போன்ற சாதாரண அரிசி. அதை அங்கே 'உருச்சி' என்பார்கள். ஒட்டரிசியில் செய்தால் அதற்கு 'அராரே' அல்லது 'ஒகாகி' என்று வேறு பெயர். கடித்தால் அது லேசாக உடையும், செம்பே பல்லுக்கு வேலை கொடுக்கும். கோதுமையில் செய்யும் செம்பேயும் உண்டு. வட ஜப்பானின் நம்பு செம்பே அந்த ரகம். பெயர் ஒன்று, பண்டம் வேறு என்பதால் பதிவு செய்யும்போது அரிசியா கோதுமையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது

டோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமா மாநிலத்தில் இருக்கும் சோக்கா நகரத்தைத்தான் நான் சொல்வேன். ஜப்பானியரிடம் செம்பே என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் ஊர் இது. எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை நீடித்த சாமுராய் ஆட்சிக் காலத்தில், இன்றைய டோக்கியோவின் நிஹோன்பாஷியிலிருந்து நிக்கோ போகும் நெடுஞ்சாலையில், முதல் தங்கல் ஊரான சென்ஜுவுக்கு அடுத்து இரண்டாவது தங்கல் ஊராக 1630-இல் சோக்கா அமைந்தது. சுற்றிலும் நெல் வயல். மிஞ்சிய அரிசியை உருண்டை பிடித்துத் தட்டிக் காயவைத்து, வேண்டியபோது சுட்டுத் தின்பது விவசாயிகளின் வழக்கம். வழிப்போக்கர்கள் பெருகியபோது அது விற்பனைக்கு வந்தது. முதலில் உப்பு மட்டும்தான். பக்கத்து நோடாவில் சோயா சாஸ் தொழில் வளர்ந்த பிறகே இன்றைய சுவை வந்து சேர்ந்தது. 1917-இல் நோடாவின் சோயா சாஸ் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கிய நிறுவனம்தான் இன்று உலகமெங்கும் கிடைக்கும் கிக்கோமன். உங்கள் சமையலறையில் அந்தப் பாட்டில் இருந்தால், இந்த வட்டாரத்துச் சுவை ஏற்கெனவே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

சோக்காவில் ஓசென் என்ற அம்மாளின் கதையும் சொல்வார்கள். சாலையோரம் அரிசி உருண்டை விற்ற ஓசென், விற்காமல் மீந்ததை ஆற்றில் கொட்டிவந்தாளாம். அதைப் பார்த்த ஒரு சாமுராய், "தட்டையாக்கிக் காயவைத்துச் சுட்டு விற்கலாமே" என்று யோசனை சொன்னாராம். வரலாற்றுச் சான்று உள்ள செய்தி இல்லை, ஊர்க் கதை. ஆனாலும் ரயிலில் போகும்போது குழந்தைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். சோக்கா ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் செம்பே சுடும் ஓசென் சிலையைப் பார்த்ததும் அவர்களே அடையாளம் கண்டு ஓடுவார்கள்.

போகும் வழி சுலபம். டோக்கியோவின் அசகுசாவில் தோபு ஸ்கைட்ரீ ரயில் பாதையில் ஏறலாம். ஹிபியா, ஹன்சோமோன் மெட்ரோ ரயில்களில் பலவும் அதே பாதையில் நேராகத் தொடர்கின்றன. கிட்டா சென்ஜுவிலிருந்து விரைவு ரயிலில் கால் மணி நேரத்துக்குள் சோக்கா. இங்கே சுட்டுப் பார்க்க வைக்கும் கடைகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. 'சோக்கா செம்பே நோ நிவா' என்ற இடம் குடும்பங்கள் அதிகம் போவது. உங்கள் தங்குமிடத்தில் சொன்னால் அவர்களே ஜப்பானிய மொழியில் போன் செய்து நேரம் வாங்கித் தருவார்கள். விடுமுறை நாள், கட்டணம், குறைந்தபட்ச வயது மூன்றையும் அந்தப் போனிலேயே கேட்கச் சொல்லுங்கள்.

மிகச் சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் வடக்கே நீகாட்டா பக்கம் போவதாக இருந்தால், 'நீகாட்டா செம்பே ஓகொக்கு' என்ற இடம் உண்டு. குரியாமா பெய்கா என்ற அரிசிப் பண்ட நிறுவனம் நடத்துவது. அங்கே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிய செம்பேயைச் சுட்டு, சோயா சாஸில் தூரிகை தோய்த்துப் படம் வரையலாம். வரைவதில் ஆசையுள்ள குழந்தைக்கு அது போதும். சுடும் கலையைக் கற்க வேண்டுமென்றால் சோக்காதான்.

கிளம்பும் முன்

பருத்தி உடை போடுங்கள். சரசரக்கும் செயற்கை நூல் துணி, தொங்கும் துப்பட்டா, அகலக் கை வைத்த சட்டை எதுவும் நெருப்புப் பக்கம் வேண்டாம். தலைமுடியை இறுக்கிக் கட்டிவிடுங்கள். கரி அடுப்பென்றால் புகை இருக்கும், இழுப்பு உள்ள குழந்தை இருந்தால் மின் அடுப்பா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்வது நல்லது. ஒரு குழு முடிந்ததும் அடுத்த குழு உட்காரும் ஏற்பாடு என்பதால், தாமதித்தால் உங்கள் நேரம்தான் குறையும்.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெறும் சோயா சாஸ் தடவிய செம்பே சைவம்தான். ஆனால் சில கடைகளின் தடவு சாஸில் 'கட்சுவோ' என்ற மீன் சாறு இருக்கும். சில வில்லைகளில் 'எபி', அதாவது இறால் கலந்திருப்பார்கள். 'மிரின்' என்ற இனிப்பு அரிசி மது சேர்ப்பதும் உண்டு. "கட்சுவோ?", "எபி?", "மிரின்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாலே புரிந்துகொள்வார்கள். ஜப்பானிய எழுத்தில் எழுதிய சீட்டு கையில் இருந்தால் இன்னும் நிம்மதி. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க: அரிசிப் பண்டம்தானே என்று இருந்துவிடாதீர்கள். வழக்கமான ஜப்பானிய சோயா சாஸில் கோதுமை உண்டு. கோதுமைக்கு அங்கே 'கொமுகி' என்று பெயர். சாஸ் தடவாமல் உப்பு மட்டும் தூவித் தர முடியுமா, வில்லையில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

அடுப்பின் முன்னால்: படிப்படியாக

கை கழுவி, ஏப்ரன் கட்டி உட்கார்ந்ததும் உங்கள் முன்னால் கம்பி வலை போட்ட அடுப்பு, நீளமான குச்சி அல்லது இடுக்கி, அப்புறம் கைப்பிடி வைத்த கனமான ஒரு வட்ட அழுத்தி இருக்கும். சுட்ட மண்ணில் செய்த இந்த அழுத்தியை 'ஓஷிகவாரா' என்பார்கள். சோக்கா செம்பேயின் உயிர் இதில்தான். ஒரு முறை கையில் தூக்கிப் பார்த்து, அதன் எடையைக் குழந்தைக்கும் பழக்கிவிடுங்கள்.

முதல் படி, சூடேற்றுவது. வில்லையை வலையில் வைத்த உடனே நிறம் வரும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று எண்ணுவதற்குள் புரட்ட வேண்டும். மறுபடி எண்ணிப் புரட்ட வேண்டும். இந்தக் கட்டத்தில் எதுவுமே நடக்காதது போலத் தெரியும். உள்ளே நடக்கிறது. வெந்து காய்ந்த அரிசி மாவு கண்ணாடி போல இறுகிப் போயிருக்கிறது, அதற்குள் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கிறது. அது இரண்டு பக்கமும் சமமாகச் சூடேறினால்தான் பின்னால் ஒழுங்காக உப்பும். கடைகளில் வில்லையை 'ஹொய்ரோ' என்ற வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துச் சூடாக்கிய பிறகு அடுப்புக்குக் கொண்டுவருவதும் இதற்காகத்தான். குழந்தையைத் தமிழில் "ஒண்ணு, ரெண்டு, மூணு, திருப்பு" என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். என் மகள் எண்ணியதைக் கேட்டு, பக்கத்து மேசை ஜப்பானியக் குழந்தைகளும் தங்கள் மொழியில் எண்ண ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது படி, அழுத்துவது. சட்டென்று வில்லை இளகும். குச்சியால் தூக்கினால் தோல் மாதிரி வளையும், ஓரம் சுருளும், அங்கங்கே சின்னக் கொப்புளம் எழும். இதுதான் தருணம். ஓஷிகவாராவை மேலிருந்து நேராக வைத்து, ஒரு மூச்சு நேரம் அழுத்தி எடுங்கள். திருப்புங்கள். மறுபடி அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, இடிக்கவும் கூடாது, இஸ்திரிப் பெட்டியை வைப்பது போல வைத்து எடுக்க வேண்டும். ஆசிரியர் "ஓஷிதே" என்றால் அழுத்து, "ஹிக்குரி காஎஷிதே" என்றால் திருப்பு. இந்த இரண்டு சொல் தெரிந்தால் அங்கே முழுப் பாடமும் புரியும்.

அழுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரிந்தது முதல் வில்லையில்தான். நான் படம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் மகளும் கேமராவைப் பார்த்தாள். வில்லை கிண்ணம் மாதிரி சுருண்டு, ஒரு பக்கம் கருகி, நடுவில் வேகாமல் வெள்ளையாகவே நின்றுவிட்டது. அவள் முகம் வாடிப்போனது. ஆசிரியை அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவள் கையின் மேல் தன் கையை வைத்து அடுத்த வில்லையில் ஐந்தாறு முறை அழுத்திக் காட்டினார். அதற்குப் பிறகு கையை எடுத்துக்கொண்டார். அந்த இரண்டாவது வில்லை தட்டையாக, ஓரம் வரை ஒரே நிறத்தில் வந்தது. அதனால் சொல்கிறேன், படத்தை இரண்டாவது வில்லைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வில்லை முழுக்கக் கண்ணும் கையும் அடுப்பில் இருக்கட்டும்.

மூன்றாவது, நிறம். ஜப்பானியர் இந்தப் பக்குவத்தை 'கிட்சுனே இரோ' என்கிறார்கள், அதாவது நரி நிறம். நாம் பொன்னிறம் என்போம். நரி நிறம் அதைவிட ஒரு சாயல் அடர்த்தி. இந்த இடத்தில் வாசனை மாறுவதைக் குழந்தைக்குக் காட்டுங்கள். பச்சை மாவு வாடை போய், அடுப்படியில் அரிசி வறுபடும் மணம் வரும். திருப்புவதை நிறுத்த வேண்டாம். நரி நிறத்துக்கும் கருகலுக்கும் இடையில் சில வினாடிகள்தான்.

நான்காவது, சாஸ். சூடு ஆறுவதற்குள் தூரிகையால் ஒரு பக்கம் தடவுங்கள். சுர் என்று ஓசை வரும். மறுபக்கமும் தடவி, கண நேரம் மறுபடி வலையில் காட்டினால் ஈரம் உலர்ந்து பளபளப்பு நிற்கும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, நிறைய தடவுவது. வில்லை சாஸை உடனே உறிஞ்சிவிடும். அதிகமானால் உப்பு கரிக்கும், மொறுமொறுப்பும் வராது. தூரிகையைக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு முறை வழித்துவிட்டுத் தடவுங்கள்.

கடைசியாக, காத்திருப்பது. சுட்ட உடனே கடித்தால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், சரியாக வரவில்லையோ என்று தோன்றும். இரண்டு நிமிடம் ஆறவிட்டால் இறுகி, உடைக்கும்போது கணீர் என்று சத்தம் வரும். குழந்தையை ஒன்றைச் சூடாகவும் ஒன்றை ஆறவைத்தும் தின்னச் சொல்லுங்கள். வித்தியாசத்தை அதுவே சொல்லும். அந்த மெத்தென்ற பதமே பிடிக்கும் என்பவர்களுக்காக, சூட்டோடு சாஸில் தோய்த்த 'நுரே செம்பே' என்ற ரகமும் இருக்கிறது. சீபா மாநிலத்துச் சோஷி என்ற கடற்கரை ஊரில் அது பிரசித்தம். அங்கே 6.4 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் சின்ன மின்ரயில் நிறுவனம், 2006-இல் ரயிலைப் பழுதுபார்க்கப் பணமில்லாமல் "எங்கள் நுரே செம்பேயை வாங்குங்கள்" என்று வெளிப்படையாகக் கேட்டது. ஜனங்கள் வாங்கினார்கள். அந்த ரயில் இன்றும் ஓடுகிறது.

எந்த வயதுக்கு எந்த வேலை

மூன்று நான்கு வயதுக்காரர்களுக்குத் தூரிகையைக் கொடுங்கள், அடுப்பிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்த பிறகு சாஸ் தடவட்டும். செம்பே கெட்டியானது, கூர்மையாக உடையும். இந்த வயதுக் குழந்தைக்குச் சின்னத் துண்டாக உடைத்து, உட்காரவைத்து, பக்கத்திலிருந்து கொடுங்கள். ஐந்து ஆறு வயதில் பெரியவர் கை பிடித்துக்கொள்ளத் திருப்பலாம். எட்டுக்கு மேல் தனியாகவே விடலாம். தாத்தா பாட்டி கூட வந்திருந்தால் அவர்களையும் உட்காரவையுங்கள். கரி அடுப்பில் அப்பளம் சுட்டவர்களுக்கு முதல் வில்லையே அழகாக வந்துவிடும், பேரக் குழந்தைகளுக்கு அவர்களே ஆசிரியர் ஆகிவிடுவார்கள். கையில் சூடு பட்டால் பயப்படாமல், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம்.

முடிந்த பிறகு

நேராக ரயிலுக்குத் திரும்பிவிடாதீர்கள். அயாசே ஆற்றங்கரையில் சோக்கா மட்சுபரா என்ற பைன் மரச் சாலை 1.5 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிறது. கவிஞர் பாஷோ 1689-இல் வடக்கே நடந்து போன வழி இது. தேசிய அளவில் காக்கப்படும் இடமாக 2014-இல் அறிவிக்கப்பட்டது. குழந்தைகள் ஏறி இறங்க வளைந்த பாலங்கள் இரண்டு உண்டு. பாஷோவின் சிலையும் உண்டு. தெற்கு முனையில் சோக்கா ஸ்டேஷன், வடக்கு முனையில் தொக்கியோ தைகாகு மாஏ (Dokkyo Daigaku-mae) ஸ்டேஷன் என்பதால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. சுட்ட செம்பேயை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சூடான பச்சைத் தேநீர் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டால் போதும்.

வீட்டில் செய்ய

ஊர் திரும்பியதும் குழந்தை கேட்கும். பச்சரிசி மாவு 200 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, கொதிநீர் சுமார் 180 மில்லி. நம் மாவு தண்ணீரைக் கூடக் குறைய இழுக்கும், அதனால் சிறிது சிறிதாக ஊற்றிக் கொழுக்கட்டை மாவுப் பதத்துக்குக் கிளறுங்கள். சிறு துண்டுகளாகக் கிள்ளி இட்லிப் பானையில் 20 நிமிடம் வேகவைத்து, சூட்டோடு ஈரத்துணியில் சுற்றி நன்றாக அடித்துப் பிசையுங்கள். வழவழவென்று வரும் வரை பிசைவது முக்கியம். இங்கே சோம்பினால் வில்லை காயும்போது வெடிக்கும். நம் பச்சரிசியைவிட ஜப்பான் அரிசிக்குப் பசை அதிகம். சுஷி அரிசி கிடைத்தால் கழுவி, உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துச் சலித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், நன்றாகப் பிடிக்கும்.

இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, டம்ளர் வாயால் வட்டம் வெட்டி, வடாம் போல வெயிலில் ஒன்றிரண்டு நாள் திருப்பித் திருப்பிக் காயவையுங்கள். வளைத்தால் வளையாமல், உடைத்தால் டக்கென்று உடைய வேண்டும். கேஸ் அடுப்பில் கம்பி வலை வைத்து, தீயைக் குறைத்து, அங்கே கற்றபடி புரட்டுங்கள். ஓஷிகவாராவுக்குப் பதில் தோசைத் திருப்பியின் முதுகு போதும். இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கரைத்துத் தடவுங்கள்.

ஆறியதும் உடனே தகர டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஒரே ராத்திரியில் நமுத்துப் போகும். அப்படிப் போனாலும் தூக்கிப் போட வேண்டாம், மறுபடி வலையில் நாலு புரட்டு புரட்டி ஆறவைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.